நொறுக்கென்ற நாற்காலி

அந்தக் கடையில் செய்த எந்த நாற்காலியும் பரீட்சை எழுதாமல் வாசலைத் தாண்டியதில்லை.

பரீட்சை வைப்பவர் ஊசியின் அப்பா. பழைய சோபாக்களுக்கும் நாற்காலிகளுக்கும் புது உயிர் கொடுப்பது அவர் தொழில். கிழிந்த துணியை உரித்து, அமுங்கிப்போன பஞ்சை வெளியே இழுத்துப் போட்டு, புது ஸ்பிரிங் கட்டி, மெத்தை வைத்து, மேலே துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பார். வேலை முடிந்ததும் அதிலேயே சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொள்வார். நாற்காலி முனகுகிறதா, ஒரு பக்கம் சரிகிறதா, முதுகில் ஏதாவது உறுத்துகிறதா என்று உடம்பாலேயே விசாரிப்பார்.

“சும்மா உக்காந்து பாத்தா போதாது. மனுஷன் வீட்ல எப்படி உக்காருவானோ அப்படி உக்காந்து பாக்கணும்” என்பது அவர் கட்சி.

மனுஷன் வீட்டில் எப்படி உட்காருவான்? ஒரு பொட்டலம் சிப்ஸோடு உட்காருவான். ஆகவே அப்பா கையிலும் ஒரு பொட்டலம் சிப்ஸ் இருக்கும். நாற்காலி எவ்வளவு சுகமாக இருக்கிறதோ அவ்வளவு நேரம் பரீட்சை நீளும். பொட்டலம் காலியானால் நாற்காலி பாஸ்.

வேலை செய்யும்போது சின்னச் சின்ன ஆணிகளை வாயில் அடக்கிக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி, எடுத்து அடிப்பார். ஆக, காலையில் கடை திறந்ததிலிருந்து அவர் வாயில் ஒன்று ஆணி இருக்கும், இல்லாவிட்டால் சிப்ஸ் இருக்கும். இரண்டையும் அவர் ஒருநாளும் மாற்றி மென்றதில்லை. பேச்சுக்குத்தான் அந்த வாயில் இடம் கிடைத்ததில்லை.

பேசுவதற்கு வேறொருவர் இருந்தார். அவர் அப்பாவின் அண்ணன், ஊசியின் பெரியப்பா. மரவேலை எல்லாம் அவருடையது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டு, நாற்காலிக் கால்களைச் செதுக்கியபடி நாள் முழுக்கப் பேசுவார். பத்து வயதுப் பெண்ணுக்கு ‘ஊசி’ என்று பட்டம் சூட்டியதும் அவர்தான். எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவாள், எதைக் கேட்டாலும் சுருக்கென்று பதில் சொல்வாள், அதனால் ஊசி. சொந்தப் பெயர் பள்ளிக்கூடத்தில் மட்டும் புழங்கியது.

போன வருஷம் ஒரு மத்தியானம், பேச்சின் நடுவில் பெரியப்பாவின் கையிலிருந்து உளி நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவருக்குக் கை வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பக்கவாதம் என்றார்கள். ரத்தக்கொதிப்பு பல வருஷமாக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். அவருக்கே அது தெரியாது. அவர் திரும்பி வரவில்லை.

முக்காலி மட்டும் வாசல் பக்கத்தில் அப்படியே இருந்தது. கடையில் இடம் போதாமல் துணிச்சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். முக்காலிமேல் மட்டும் யாரும் எதையும் வைப்பதில்லை.

ஒருநாள் சோபாவைத் தூக்கி நிமிர்ந்த அப்பாவுக்குத் தலை சுற்றியது. அம்மா அவர் சட்டையைப் பிடித்துப் பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஊசியும் பின்னாலேயே போனாள்.

டாக்டரம்மா அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றி அளந்தார். முகம் சுருங்கியது. மறுபடி அளந்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். ரத்தக்கொதிப்பு வலிக்காது. வலிக்காததால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் உள்ளே ரத்தக்குழாய்கள் நைந்துகொண்டே போகும். ஒருநாள் அது மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வந்து நிற்கும். தினமும் மாத்திரை, உப்பைக் குறைக்க வேண்டும், பொரித்ததை விட வேண்டும், காய்கறி பழம் நிறைய, சாயங்காலம் அரை மணி நேரம் நடை.

அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு அடக்கமாக அப்பாவை ஊசி பார்த்ததே இல்லை.

“நான் சொன்னது காதுல விழுந்துச்சா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“இந்த நாற்காலி எத்தனை வருஷமா இப்படிக் கிழிஞ்சிருக்கு, டாக்டரம்மா?” என்றார் அப்பா.

அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். காத்திருக்கும் அறையில் இருந்த நாற்காலிகள் எல்லாமே அந்த லட்சணத்தில்தான் இருந்தன. ஒரு மாதம் கழித்து அப்பா மறுபடி வந்து காட்ட வேண்டும், அதற்குள் நாற்காலிகளையும் சரிசெய்து தர வேண்டும் என்று பேச்சு முடிந்தது.

அன்றைக்கே அம்மா சட்டம் போட்டாள். உப்பு ஜாடி மேஜையிலிருந்து அலமாரியின் உச்சிக்குப் போனது. தட்டில் கேரட்டும் பீன்ஸும் நிறைந்தன. அப்பா அவற்றை அடமானத்துக்கு வந்த பொருளைப் பார்ப்பதுபோலப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஆனாலும் சாப்பிட்டார். மாத்திரையையும் போட்டுக்கொண்டார்.

நடைதான் நடக்கவில்லை. முதல் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு கம்பீரமாகக் கிளம்பினார். தெருமுனைவரை போய், இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், திரும்பி வந்துவிட்டார்.

“என்னப்பா, அதுக்குள்ள வந்துட்டீங்க?” என்றாள் ஊசி.

“எங்க போறதுன்னு தெரியல. ஒரு வேலையும் இல்லாம ஒருத்தன் தெருவுல நடந்தா, பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? திருடன்னு நினைக்க மாட்டாங்களா?”

அடுத்த நாள் மழை வரும்போல இருந்தது. அதற்கடுத்த நாள் மழை வராதுபோல இருந்ததால் வெயில் அதிகம் என்றார். அப்புறம் நடையைப் பற்றிய பேச்சே இல்லை.

சிப்ஸை மட்டும் விட்டுவிட்டார் என்றுதான் வீட்டில் நம்பினார்கள். எறும்புகள் நம்பவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஊசிக்குக் கடையில் ஒரு வேலை உண்டு. கயிற்றில் கட்டிய காந்தத்தைத் தரையெல்லாம் இழுத்துச் சிந்திக் கிடக்கும் ஆணிகளைப் பொறுக்க வேண்டும். அப்படி இழுத்துக்கொண்டு போனபோது, பச்சை சோபாவை நோக்கி எறும்புகள் வரிசையாக நடந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு எங்கே போவதென்று தெளிவாகத் தெரிந்திருந்தது. ஊசி பின்தொடர்ந்தாள். வரிசை சோபாவின் கைப்பிடியில் ஏறி, திண்டைச் சுற்றி, ஒரு தையலுக்குள் மறைந்தது. தையலை விரலால் தடவினாள். அது தையல் இல்லை, மறைவாகத் தைத்த ஜிப். இழுத்தாள். உள்ளே சிப்ஸ் பொட்டலம், கட்டிலில் படுத்ததுபோல ஒய்யாரமாகப் படுத்திருந்தது.

அப்பா வாயிலிருந்த ஆணிகளை எல்லாம் கையில் துப்பிவிட்டு ஓடிவந்தார்.

“அம்மாகிட்ட சொல்லாத, கண்ணு. இதுதான் கடைசி. பொட்டலத்தைப் பிரிச்சாச்சு, வீணாக்கக் கூடாதேன்னு பாத்தேன்.”

“நிஜமா கடைசியா?”

“நிஜமா.”

ஊசி சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் சண்டை வரும், அப்பா இன்னும் ஆழமான இடத்தில் ஒளிப்பார், அவ்வளவுதான் நடக்கும் என்று நினைத்தாள். அப்பாவின் தையல் எவ்வளவு நுணுக்கமானது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அன்றிலிருந்து எறும்புகளை உன்னிப்பாகக் கவனித்தாள்.

கிளினிக் நாற்காலிகள் முடியும் நாள் வந்தது. பன்னிரண்டு நாற்காலிகள், எல்லாம் ஒரே நீலத் துணி, வரிசையாக நின்றன. பதினொன்று முடிந்துவிட்டன. பன்னிரண்டாவதின் இருக்கை மட்டும் இன்னும் மூடாமல் மேஜைமேல் கிடந்தது. அப்பா ஒரு நாற்காலியில் கண்ணை மூடிப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார். கையில் புதுப் பொட்டலம்.

ஊசி காந்தத்தோடு உள்ளே நுழைந்தாள். பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் வெளியே அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. தபால் நிலையத்தில் வேலை முடிந்து சீக்கிரமே வந்துவிட்டாள். கூடவே தள்ளுவண்டிக்காரரும் வந்தார். நாற்காலிகளை இன்றைக்கே கொண்டுவரச் சொல்லி டாக்டரம்மா அனுப்பியிருந்தார்.

அப்பா துள்ளி எழுந்தார். சுற்றிலும் பார்த்தார். ஒளிக்க இடமில்லை. சட்டென்று பொட்டலத்தை மேஜைமேல் கிடந்த இருக்கைக்குள் செருகி, துணியை இழுத்து மூடி, டக் டக் டக்கென்று ஆணி அடித்தார். தன் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக அவர் ஆணி அடித்ததில்லை. அம்மா உள்ளே வந்தபோது இருக்கையை நாற்காலியில் பொருத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு சுறுசுறுப்பா வேலை செஞ்சா உடம்புக்கு ஒண்ணும் வராது” என்று அம்மா பாராட்டினாள்.

வண்டிக்காரர் எல்லா நாற்காலிகளையும் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போய்விட்டார். எது எந்த நாற்காலி என்று இனி கடவுளுக்கும் தெரியாது.

மறுநாள் காலை அப்பா மாத்திரைக்காகத் தண்ணீரைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். அன்றைக்குத்தான் அவர் டாக்டரம்மாவிடம் மறுபடி காட்ட வேண்டிய நாள். அம்மா வேலைக்குக் கிளம்பும்வரை காத்திருந்து, பள்ளிக்கூடம் இல்லாததால் வீட்டில் இருந்த ஊசியிடம் குசுகுசுவென்று திட்டத்தைச் சொன்னார். கொஞ்சம் முன்னாடியே போக வேண்டும். ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். சத்தம் வரும் நாற்காலியைக் கண்டுபிடித்து, யாரும் பார்க்காதபோது பொட்டலத்தை எடுத்துவிட வேண்டும்.

“கடைசின்னு சொன்னீங்க” என்றாள் ஊசி.

அப்பா செருப்பைத் தேடுவதுபோலக் கீழே பார்த்தார்.

அன்றைக்கு அப்பா நடந்தாரே ஒரு நடை. வாசற்படி இறங்கியவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஊசி கூடவே ஓட வேண்டியிருந்தது. தெருமுனையை அவர் தாண்டியபோது, இந்தப் பக்கமும் பார்க்கவில்லை, அந்தப் பக்கமும் பார்க்கவில்லை. ‘நாற்காலி என்றால் மட்டும் எப்படி நடக்கிறார்’ என்று ஊசி மூச்சிரைக்க நினைத்துக்கொண்டாள்.

காத்திருக்கும் அறையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். குழந்தையோடு ஓர் அம்மா, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி ஓர் ஆள், குடையை ஊன்றிக்கொண்டு ஒரு தாத்தா. அப்பா முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். சத்தமில்லை. எழுந்தார். இரண்டாவதில் உட்கார்ந்தார். எழுந்தார்.

நர்ஸ் அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“செஞ்ச வேலையை ஒருதடவை சரிபாத்துக்கணும்ல” என்று அப்பா பல்லைக் காட்டினார்.

உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். அவர் உட்காரும்போதெல்லாம் அந்தக் கைக்குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. மூக்கைப் பொத்திய ஆள் நமக்கேன் வம்பு என்று தானாகவே இடம் மாறினார். குழந்தையின் அம்மா எழுந்து நின்றே காத்திருப்பதாகச் சொல்லிவிட்டாள். கடைசியில் பாக்கி ஒரே ஒரு நாற்காலி. அதில் குடைத் தாத்தா உட்கார்ந்திருந்தார்.

தாத்தா இருமினார்.

நொறுக்.

அப்பாவும் ஊசியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தாத்தா திடுக்கிட்டு இடது பக்கம் சாய்ந்தார். நொறுக். வலது பக்கம் சாய்ந்தார். நொறுக், நொறுக். அவர் எடை பஞ்சு மாதிரி. அதனால் உள்ளே இருந்தது ஒரேயடியாக நொறுங்காமல், அசையும்போதெல்லாம் தவணை முறையில் நொறுங்கியது.

“நர்ஸம்மா, இங்க கொஞ்சம் வாயேன். என் இடுப்புல ஏதோ சத்தம் கேக்குது. நேத்துவரைக்கும் இல்ல” என்றார் தாத்தா.

நர்ஸ் அக்கா வந்து கேட்டாள். கண்ணை அகல விரித்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். டாக்டரம்மா குனிந்து, ஸ்டெதாஸ்கோப்பைத் தாத்தாவின் இடுப்பில் வைத்தார். லேசாக அசையச் சொன்னார்.

நொறுக்.

டாக்டரம்மா இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

“படம் எடுக்கிறதுக்கு முன்னாடி என் மகளுக்குச் சொல்லி அனுப்புங்க. அவ வந்துடட்டும்” என்றார் தாத்தா. குடையின் பிடியில் இருந்த அவர் கை நடுங்கியது.

அப்பா உதட்டின்மேல் விரலை வைத்து ஊசியைப் பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார். ஊசி அப்பாவைப் பார்த்தாள். பிறகு அந்த நடுங்கும் கையைப் பார்த்தாள்.

“தாத்தா, பயப்படாதீங்க. அது உங்க எலும்பு இல்ல. எங்க அப்பாவோட சிப்ஸ்.”

குழந்தை சிரிப்பை நிறுத்திவிட்டது.

அப்பாவின் முகம் செங்கல் நிறத்துக்கு மாறியது. தாத்தாவைக் கைத்தாங்கலாக எழுப்பி வேறு நாற்காலியில் உட்காரவைத்தார். அந்த நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்து ஆணி பிடுங்கியை எடுத்துத் துணியைப் பிரித்தார். பொட்டலம் அப்பளமாகத் தட்டையாகி வெளியே வந்தது. அதன் வாய் வழியாகச் சிப்ஸ் தூள் தரையெல்லாம் கொட்டியது.

தாத்தா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்பு ஜாஸ்தி” என்றார்.

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். குடை கைநழுவி விழும்வரை சிரித்தார். நர்ஸ் அக்காவும் சிரித்தாள். சிரிக்காதவர்கள் இரண்டே பேர், அப்பாவும் ஊசியும்.

டாக்டரம்மா அப்பாவை உள்ளே கூப்பிட்டு அளந்தார். போன தடவையைவிட ஒரு புள்ளிகூட இறங்கியிருக்கவில்லை. கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. நடந்தீர்களா என்று கேட்டார். அப்பா தெருமுனைக் கதையைச் சொன்னார். டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை.

“நாற்காலிக்குள்ள ஒளிச்சு வெச்சத நீங்க பிரிச்சு எடுத்துட்டீங்க. உங்களுக்குள்ள ஒளிச்சு வெச்சத நான் எதை வெச்சுப் பிரிக்கிறது?” என்று மட்டும் கேட்டார்.

அப்பா வெளியே வந்து, பிரித்த நாற்காலியின் துணியை மறுபடி இழுத்து ஆணி அடித்து மூடினார். குடைத் தாத்தா அவருக்காகவே காத்திருந்தார்போல.

“இந்த நாற்காலி குணமாயிடுச்சு. என் வீட்ல ஒண்ணு இருக்கு தம்பி. உக்காந்தா கிறீச்சுங்குது. அதுல யாரு என்னத்த ஒளிச்சாங்களோ.”

அப்பாவின் காது நிமிர்ந்தது. “உக்காரும்போது கிறீச்சுங்குதா, எந்திரிக்கும்போதா?”

“ரெண்டு தடவையும்.”

“பின்கால் ஆணி தளர்ந்திருக்கும். வீடு எங்க?”

வீடு சந்தையைத் தாண்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. கடைக்குப் போக வேண்டிய திசைக்கு நேர் எதிர். அப்பா அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. தாத்தாவோடு பேசிக்கொண்டே கிளம்பிவிட்டார். நாற்காலியைக் கவிழ்த்து, பின்காலை இறுக்கி, தானும் உட்கார்ந்து பார்த்து, தாத்தாவையும் உட்காரவைத்துப் பார்த்தார். தாத்தாவின் மகள் வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் பாலத்தின்மேல் அப்பா நின்றார். கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏன் ஊசி சொல்லிட்ட?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை.

“தாத்தா கை நடுங்குச்சுப்பா. ஒண்ணுமே இல்லாததுக்கு அவரு பயந்துட்டு இருந்தாரு.”

“அது சரிதான்.”

ஊசி பாலத்தின் கம்பியைச் சுரண்டினாள். “நானும் தினம் அப்படித்தான் பயப்படுறேன். கடையில சுத்தியல் தரையில படுற சத்தம் கேட்டா ஓடிவந்து பாக்குறேன். நீங்களா கீழ வெச்சீங்களா, கையிலிருந்து விழுந்துச்சான்னு.”

அப்பாவின் வாயில் ஆணியும் இல்லை, சிப்ஸும் இல்லை. இருந்தும் பேச்சு வரவில்லை. ஊசியின் தலையில் கை வைத்தார். வீடு வரும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் அப்பாவே எல்லாவற்றையும் ஒப்பித்தார். அம்மா முழுவதும் கேட்டாள். பிறகு எழுந்துபோய், வீட்டில் இருந்த தலையணை, திண்டு, மெத்தை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். நொறுக்கென்று எதுவும் சொல்லவில்லை என்று உறுதியான பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள்.

அன்றைக்கு நாற்காலிக்காக எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதை அப்பா கவனிக்கவில்லை. ஊசி கவனித்திருந்தாள். அவள் அதை அப்பாவிடம் சொல்லவில்லை. ஊரில் எங்கெல்லாம் நாற்காலி கத்துகிறது என்று விசாரிக்கத் தொடங்கினாள்.

தலைமையாசிரியையின் நாற்காலி சாய்ந்தால் பூனை மாதிரி கத்தியது. நூலகத்தில் ஒரு பெஞ்சு ஆடியது. சந்தையில் ரொட்டி விற்கும் அக்காவின் ஸ்டூல், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கடிகாரம் பழுதுபார்ப்பவரின் சுழல் நாற்காலி என்று நோயாளிகள் சேர்ந்துகொண்டே போனார்கள். எல்லாரிடமும் ஊசி ஒன்றையே சொன்னாள். கடைக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், சாயங்காலம் அப்பாவே வீடு தேடி வருவார்.

அப்பா பையை மாட்டிக்கொண்டு தினமும் கிளம்பினார். ஊசியும் கூடவே போனாள். அப்பா கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவும் ஆரம்பித்தார். பெரியப்பா சொன்ன வேடிக்கைகளை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சொன்னார். பாதிக்கதையில் சிரித்துவிடுவார், மீதியை ஊசி முடிப்பாள்.

கடையில் பரீட்சை நிற்கவில்லை. பொட்டலம்தான் மாறியது. இப்போது அப்பா கையில் வெள்ளரிக்காய்த் துண்டுகள் நிறைந்த டப்பா. முதல் வாரம், ஏதோ கசப்பு மருந்தை விழுங்குவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு தின்றார். இரண்டாவது வாரம், சத்தம் என்னவோ நல்லாத்தான் இருக்கு என்று ஒப்புக்கொண்டார். அம்மா அவ்வப்போது வந்து டப்பாவின் அடிவரை துழாவிப் பார்ப்பாள்.

அப்பாவுக்கு ஒரு குறைதான். “அதென்ன ஊசி, நாற்காலி எல்லாம் ஊர்க்கோடியிலேயே கெட்டுப்போகுது? நம்ம தெருவுல ஒண்ணுகூட ஆடாதா?”

“நம்ம தெருவுல எல்லாரும் மெதுவா உக்காருவாங்கப்பா” என்றாள் ஊசி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அடுத்த தடவை கிளினிக்குக்குப் போனபோது, டாக்டரம்மா இரண்டு முறை அளந்தார். இந்த முறை முகம் சுருங்கவில்லை. நன்றாக இறங்கியிருக்கிறது, ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது, நடையையும் நிறுத்தக் கூடாது என்றார்.

“நடையா? நான் எங்க நடந்தேன்? வேலைக்குத்தானே போனேன்” என்றார் அப்பா.

டாக்டரம்மா ஊசியைப் பார்த்தார். ஊசி கூரையைப் பார்த்தாள்.

குட்டு வெளிப்பட்டது எதிர்க்கடையில். அப்பா முடி வெட்டிக்கொள்ளப் போனார். நாற்காலியில் உட்கார்ந்ததும் அது ‘கிய்ய்’ என்று அலறியது. கடைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“எவ்வளவு நாளா இப்படி இருக்கு? நேர் எதிர்லதானே இருக்கேன், ஏன் சொல்லல?” என்று அப்பா கேட்டார்.

முடிவெட்டுபவர் பாதித் தலைவரை மழுப்பிக்கொண்டே வெட்டினார், பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “சொல்லத்தான் வந்தேன். உங்க பொண்ணுதான் வழி மறிச்சிடுச்சு. ‘உங்க நாற்காலி கொஞ்ச நாள் கத்தட்டும் மாமா, பத்தடி நடந்தா அப்பாவுக்குப் பத்தாது’ன்னு சொல்லிடுச்சு. உக்கார்றவங்க எல்லாம் பயந்து எந்திரிக்கிறாங்க. எப்ப சரிபண்ணுவீங்கன்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்லுங்க.”

அப்பா பாதி வெட்டிய தலையோடு கண்ணாடியைப் பார்த்தார். பிறகு பையை எடுத்துவரச் சொல்லி, நாற்காலியைச் சரிசெய்துவிட்டு, மீதி முடியை வெட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து ஊசியிடம் ஒன்றுமே சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஊசி கவலையோடு கடைக்கு வந்தாள். ஊரில் இருந்த நாற்காலி எல்லாம் குணமாகிவிட்டது. எங்கு விசாரித்தும் ஒரு ஸ்டூல்கூடக் கிடைக்கவில்லை. அப்பாவிடம் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

அப்பா பெரியப்பாவின் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். புது ஷூ. பக்கத்தில் பை இல்லை.

“எங்கப்பா கிளம்பிட்டீங்க?”

“நடக்க.”

“யாரு வீட்டு நாற்காலி?”

“யாரு வீட்டு நாற்காலியும் இல்ல. சும்மா நடக்க.” அப்பா கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். “நீயும் கூட வா. பாக்கிறவங்க என்னைத் திருடன்னு நினைச்சா, இல்லன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்ல?”

ஊசி காந்தத்தைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். அப்பா அந்த முக்காலியில் ஒரு நிமிஷம் கண்ணை மூடி, நிமிர்ந்து, பரீட்சை வைப்பதுபோல உட்கார்ந்து பார்த்தார். அது முனகவில்லை, சரியவில்லை. கையில் வெள்ளரிக்காய்கூட இல்லாமலே அதற்கு பாஸ் போட்டுவிட்டு, எழுந்து நடந்தார்.